மேகத்தினுள் பறக்கும் கல்வி

பட்டம் பெற்றவனைக் கற்றவன் என்று கொள்வது உலக வழக்கு. ஒரு முறை தேர்வெழுதி வெற்றி பெற்றோமாயின், அவ்வெற்றி நம் பெயரின் பின்னே இரண்டெழுத்தாய் நின்று, கற்றதை நாம் மறந்த பின்னரும் நம்மைக் கற்றோர் வரிசையில் அமர்த்தி வைக்கின்றது. இவ்வழக்குச் சரியோ தவறோ, இதனால் எவரும் உயிரிழப்பதில்லை. ஆயினும் இவ்வழக்கை ஒப்புக்கொள்ளாத கல்வியொன்று உலகில் உண்டு. விமானிகள் மேகத்தினுள்ளும் மூடுபனியினுள்ளும் வெளியே ஒன்றையுங் காணாது, கருவிகளை மட்டுமே நோக்கிப் பறப்பதற்குப் பெறும் தகுதியே அது. அத்தகுதிக்கென அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விதித்துள்ள நிபந்தனைகளையும் அதற்குரிய பயிற்சியையும் எடுத்துக்கூறி, அவை மிகையென்று குறை சொல்வோர்க்கு நமக்குத் தோன்றும் விடையையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழிலக்கியம் பயிலும் நமக்கு விமானத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நாம் விமானம் ஓட்டியறியோம் என்பது மெய்யே. ஆனால் இது மனிதன் எதனை அறிவென்று நம்புகின்றான் என்பதைப் பற்றிய கேள்வியும் ஆதலின், அவ்வளவில் நமக்கும் இதிற் பங்குண்டு.

வானந் தெளிந்திருக்கும் பகலில் விமானி அடிவானத்தை நோக்கித் தன் விமானம் நேராகச் செல்கின்றதா, சாய்ந்து செல்கின்றதா என்று அறிகின்றான். மேகத்தினுள் புகுந்தவுடன் அடிவானம் மறைகின்றது. அப்பொழுது அவனுக்கு எஞ்சி நிற்பது தன் உடலின் உணர்ச்சியே. அவ்வுணர்ச்சியோ அவனை வஞ்சிக்கின்றது. நம் உட்செவியில் நீர் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்புங்கால் அந்நீர் பின்தங்குவதனால் நாம் திரும்புகின்றோம் என்னும் உணர்ச்சி எழுகின்றது. ஆனால் ஒரே வேகத்தில் தொடர்ந்து திரும்பிக்கொண்டிருந்தால், ஏறக்குறைய 20 விநாடிகளுக்குள் நீரும் குழாயோடு ஒத்துச் சுழலத் தொடங்கிவிடும், உணர்ச்சியும் அற்றுப்போம். சாய்ந்து வட்டமிடும் விமானத்தில் அமர்ந்திருப்பவன், தான் நேராகச் செல்வதாகவே எண்ணுவான். பிறகு உண்மையில் நேராக்கினாலோ, எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். தோன்றவே மீண்டும் பழைய சாய்வுக்கே திருப்புவான். இதற்கிடையே விமானம் உயரம் இழக்கும். அதனைக் கண்டு முகப்பை மேலே தூக்க முயன்றால், சாய்ந்த விமானம் மேலெழாது தன் வட்டத்தையே இன்னும் குறுக்கிக்கொண்டு கீழ்நோக்கி விரையும். தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் செயலே தன்னை அழிக்கும் இந்நிலையை விமானிகள் மரணச் சுருள் என்று வழங்குவர்.

இது கற்பனையன்று. 1954-ஆம் ஆண்டில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், கருவிவழிப் பறந்து பழகாத 20 விமானிகள் வெளிப்பார்வை மறைக்கப்பட்டுப் பறக்குமாறு செய்யப்பட்டனர். இருபதின்மரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தனர். விரைவில் இழந்தவர்க்கு 20 விநாடியும், நெடிது தாங்கியவர்க்கு 480 விநாடியும் ஆயின. சராசரி 178 விநாடி. அருகில் ஆசிரியர் இருந்தமையால் எவர்க்கும் தீங்கு நேரவில்லை. மூன்று நிமிடத்திற்கும் குறைவான இவ்வெல்லையை உள்ளத்திற் கொண்டு, பின்வருவனவற்றை வாசகர் படித்தல் வேண்டும்.

இவ்வஞ்சனையை வெல்லும் வழியை முதலிற் காட்டியவருள் ஜிம்மி டூலிட்டில் என்பார் சிறந்தவர். 1929-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், நியூயார்க்கின் லாங் தீவிலுள்ள மிச்செல் களத்தில், முழுவதும் மூடிய அறையினுள் அமர்ந்து, செயற்கை அடிவானம், திசைகாட்டும் சுழலி, நுட்பமான உயரமானி, வானொலிக் குறி ஆகியவற்றின் துணைகொண்டே மேலெழுந்து, ஏறக்குறைய கால்மணி நேரம் பறந்து இறங்கினார். முன்னிருக்கையில் கெல்ஸி என்னும் துணை விமானி இருந்தாராயினும், தாம் எதனையுந் தொடவில்லை என்பது தெரியும்படி கைகளை வெளியே காட்டிக்கொண்டிருந்தார்.

வழி கண்டாயிற்று, ஆனால் கற்பிப்பது எங்ஙனம்? அதே காலத்தில் பிங்காம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலைக் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவர், ஆர்கனுக்கு ஊதும் துருத்திகளைக் கொண்டே தரையில் நின்றபடி சாயவும் திரும்பவும் வல்ல ஒரு பயிற்சிப்பொறியை அமைத்திருந்தார். அதனை வேடிக்கைப் பொருளாகவே பலரும் கருதினர். 1934-இல் அமெரிக்கப் படைவிமானிகள் அஞ்சற் பைகளைக் கொண்டுசெல்லும் பணியை ஏற்று, குளிர்காலத்துக் கொடும் பருவநிலையில் பறக்க நேர்ந்து, பலர் மாண்ட பின்னரே படையார் விழித்தெழுந்து அப்பொறிகள் ஆறினை வாங்கினர். இசைக்கருவியின் துருத்தி எத்துணையோ உயிர்களைக் காக்கும் ஆசிரியனாயிற்று.

இனி நிபந்தனைகளுக்கு வருவோம். தனி விமானிக்குரிய உரிமம் முன்னரே பெற்றவராகவோ, உடன் பெறுபவராகவோ இருத்தல் வேண்டும். ஆங்கிலம் படிக்கவும் பேசவும் எழுதவும் உணரவும் வல்லவராதல் வேண்டும். தாமே தலைவராயிருந்து ஊர்விட்டு ஊர் பறந்த நேரம் 50 மணிக்குக் குறையலாகாது. உண்மையான மேகத்திலோ, பார்வையை மறைத்துக்கொண்டோ கருவிவழிப் பறந்த நேரம் 40 மணி வேண்டும். அவற்றுள் 15 மணியேனும் அதற்கெனத் தகுதி பெற்ற ஆசிரியரிடம் கற்றதாயிருத்தல் வேண்டும். 250 கடல்மைல் தொலைவுள்ள பயணமொன்றை ஆசிரியரோடு மேற்கொண்டு, சென்ற ஒவ்வொரு நிலையத்திலும் கருவிவழி இறங்குமுறையைக் கையாண்டு, அவற்றுள் மூன்று வேறு வகைகளைச் செய்து காட்டல் வேண்டும். 60 வினாக்கள் கொண்ட எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு 70 பெறல் வேண்டும். இறுதியாகத் தேர்வாளர் ஒருவர் வாய்மொழியாய் வினவி, பின் விமானத்தில் உடனமர்ந்து சோதிப்பார்.

எண்களைக் கேட்டவளவில் பயிற்சியின் இயல்பு விளங்காது. மாணாக்கனுடைய நெற்றியில், வண்டிக் குதிரைக்குக் கட்டுவது போன்ற கண்மறைப்பு ஒன்று பொருத்தப்படும். சாளரத்தின் வழியே எதுவுந் தெரியாது. எதிரேயுள்ள கருவிகள் மட்டுமே தெரியும். வேகமானி, செயற்கை அடிவானம், உயரமானி, திரும்புதலைக் காட்டும் கருவி, திசைச்சுழலி, ஏற்ற இறக்கமானி என்பன பழைய அமைப்பில் உள்ள ஆறு கருவிகள். மாணாக்கன் ஒன்றினையே உற்றுநோக்கி நின்றால் மற்றவை கைவிட்டுப் போம். ஆகவே அவன் கண் ஓயாது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று மீளல் வேண்டும். விநாடிக்கு 3 பாகை வீதம் திரும்பினால் 2 நிமிடத்தில் ஒரு வட்டம் முடியும் என்னும் கணக்கோடு, வானில் குறித்த ஓரிடத்தைச் சுற்றிக் காத்திருக்கவும் அவன் பழகுகின்றான்.

இப்பயிற்சியில் நம் உள்ளத்தை மிகக் கவர்ந்தவை இரண்டு. முதலாவது, ஆசிரியர் முன்னறிவிப்பின்றிச் செயற்கை அடிவானத்தை மூடிவிடுவார். அக்கருவி பழுதுற்றது என்பது பொருள். மாணாக்கன் எஞ்சிய கருவிகளின் சான்றைக்கொண்டே விமானத்தை நிலைநிறுத்தல் வேண்டும். தன் உடலை நம்பாதே என்று கற்பித்த ஆசிரியரே, தனித்த ஒரு கருவியையும் நம்பாதே என்று கற்பிக்கின்றார். சாட்சிகள் பலரை வினவி, பொய் சொல்பவன் எவன் என்று தெளியும் நீதிபதியின் நிலையில் மாணாக்கன் நிற்கின்றான். கருவிக்கு அடிமையாதல் வேறு, கருவிகளை ஆராய்தல் வேறு என்பதை இதனினும் தெளிவாக எந்தத் தருக்க நூல் கற்பிக்கும்?

இரண்டாவது, இறங்காது திரும்புதல். வானொலிக் கதிர்கள் இரண்டு, ஒன்று இடவல நெறியையும், மற்றொன்று ஏறக்குறைய 3 பாகைச் சரிவையும் காட்ட, விமானி மேகத்தினூடே ஓடுபாதையை நோக்கி இறங்குகின்றான். வழக்கமாகத் தரைக்கு மேல் 200 அடி உயரம் வந்ததும் அவன் ஒரு முடிவுக்கு வருதல் வேண்டும். ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிடில் உடனே மேலெழுந்து அகலல் வேண்டும். இன்னும் சிறிது இறங்கினால் தெரியுமே என்னும் ஆசைக்கு அங்கே இடமில்லை. வேறு நிலையத்துக்குச் செல்வதற்கும், அதன்மேலும் 45 நிமிடம் பறப்பதற்கும் வேண்டிய எண்ணெயை முன்னரே கொண்டிருக்க வேண்டுமென விதித்திருப்பது, திரும்பும் துணிவு அவனுக்கு இருக்கவேண்டும் என்பதற்காகவே.

இத்துணைக் கடுமை எதற்கு என்பார் உளர். பொருளும் காலமும் மிகச் செலவாகின்றன. அதனாலேயே பலர் இத்தகுதியைப் பெறாது நின்றுவிடுகின்றனர். நிபந்தனைகளைத் தளர்த்தினால் மேலும் பலர் பெறுவர். இந்நாளில் தானே விமானத்தை ஓட்டும் பொறிகளும், இருக்குமிடத்தைத் திரையிற் காட்டும் செயற்கைக்கோள் கருவிகளும் வந்துவிட்டன என்பர். இவருடைய கூற்றில் உண்மை இல்லாமலில்லை. செலவு மிகுதியால் கற்கவேண்டியவன் கல்லாது நிற்றல் கேடே. ஆனால் அதற்கு மருந்து, 40 மணியில் ஒரு பகுதியைத் தரையிலுள்ள பயிற்சிப்பொறியிலேயே கழிக்க இடந்தருதலாம். விதியும் அதற்கு இடந்தந்தே இருக்கின்றது. பயிற்சியைக் குறைத்தல் மருந்தாகாது. பொறி தானே ஓட்டும்வரை விமானிக்கு வேலையில்லை. பொறி கைவிடும் நொடியிலேயே அவன் கல்வி வேண்டப்படுகின்றது. அந்நொடியில் கற்கத் தொடங்கினால் அவனுக்குள்ள காலம் மேலே கூறிய 178 விநாடியே.

அரைக் கல்வியின் அபாயத்துக்கு ஒரு சான்று கூறுவோம். 1999-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் இரவு, முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியின் மகனாகிய இளைய கென்னடி, தம் மனைவியையும் அவர் தமக்கையையும் ஏற்றிக்கொண்டு நியூஜெர்ஸியிலிருந்து மார்த்தாவின் திராட்சைத் தோட்டம் என்று பொருள்படும் மார்த்தாஸ் வின்யார்டு தீவை நோக்கித் தாமே விமானத்தை ஓட்டிச் சென்றார். கருவிவழிப் பறத்தற்குரிய எழுத்துத் தேர்வில் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெற்றி பெற்றிருந்தார். பயிற்சியிலோ ஏறக்குறையப் பாதியளவே முடித்திருந்தார். அன்றிரவு கண்ணாற் கண்டு பறப்பதற்குச் சட்டம் தடை செய்யவில்லை. ஆனால் நிலவொளி குன்றிய கடலும் புகைபோன்ற மங்கலும் ஒன்றாகி அடிவானத்தை விழுங்கிவிட்டன. விமானம் சுழன்று கடலில் வீழ்ந்தது, மூவரும் மாண்டனர். இருளில் நிலையுணர்வு தடுமாறிக் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. மாண்டாரைப் பழிக்க இதனைக் கூறினோமல்லோம். உட்செவி வஞ்சிக்கும் என்பதை அவர் ஏட்டில் அறிந்தே இருப்பார். அறிந்ததனைக் கையும் கண்ணும் நம்பும் அளவுக்குப் பழகுவதற்குள் அவ்விரவு வந்துவிட்டது.

ஆதலின் நிபந்தனைகள் எல்லாவற்றிலும் சிறந்ததாக நாம் கருதுவது, தகுதி பெற்றபின் வரும் நிபந்தனையையே. அமெரிக்க விதிப்படி இத்தகுதி ஒருமுறை பெற்றால் காலாவதியாவதில்லை. உரிமத்தில் எழுதியது எழுதியபடியே நிற்கும். ஆனால் கடந்த ஆறு மாதங்களுக்குள் ஆறு முறை கருவிவழி இறங்குமுறையைக் கையாண்டு, காத்திருத்தலையும், வழியைக் கண்டு தொடர்தலையும் செய்திராவிடில், அத்தகுதியைக் கொண்டு அவன் மேகத்தினுள் புகலாகாது. அதன்பின் இன்னும் ஆறு மாதம், துணை விமானியுடன் கண்மறைப்பணிந்து பழகி, இழந்த உரிமையைத் தானே மீட்டுக்கொள்ளலாம். அதுவும் கடந்தால் ஆசிரியர் முன்னோ தேர்வாளர் முன்னோ மீண்டும் சோதனைக்கு நின்றே ஆகவேண்டும். பட்டம் அவனைவிட்டு நீங்குவதில்லை. பட்டத்தைக் கொண்டு பிறர் உயிரை ஏற்றிச் செல்லும் உரிமையே நீங்குகின்றது. இயற்கைக்கு மாறாகப் பழகிய பழக்கம், பழகாவிடில் இயற்கையிடமே திரும்பிவிடும் என்பதை உணர்ந்தே இவ்விதியை வகுத்தனர் போலும்.

நண்பர்காள்! இன்னும் சில திங்களில் நம்முட் சிலர் பட்டம் பெற்று இக்கல்லூரியை விட்டு நீங்குவோம். சிலர் ஆசிரியராவோம், நம் சொல்லை நம்பி இளைஞர் பலர் நம்மோடு பயணஞ் செய்வர். நாம் கற்ற இலக்கணமும் இலக்கியமும் நம்மிடம் இன்னும் உள்ளனவா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை நம்மைச் சோதிப்பார் எவரும் இலர். இஃது நமக்கு வாய்த்த சலுகை என்று மகிழ்வதோ, நம் மாணாக்கர்க்கு நேரும் தீங்கு என்று நாணுவதோ நம்மைப் பொறுத்தது. இக்கட்டுரையை எழுதி முடித்தபின், முதலாண்டில் படித்துத் தேர்வெழுதிய யாப்பிலக்கண ஏட்டை நாம் மீண்டும் எடுத்துப் புரட்டினோம். மறந்திருந்தவற்றின் அளவைக் கண்டு வெட்கினோம். அன்றுமுதல் நாள்தோறும் ஒரு நூற்பாவையேனும் மீளப் படித்து வருகின்றோம்.