யாருடன் சாப்பிட்டாய்?



காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நமக்கு நெடுநாள் பழக்கமான நெசவாளர் குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டுப் பெண் மேற்படிப்பிற்காகக் கனடா நாடு சென்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறுதோறும் மாலையில் தொலைபேசி ஒலிக்கும். தாயார் தறியை விட்டு எழுந்து வந்து கேட்கும் முதற் கேள்வி, "சாப்பிட்டாயாம்மா?" என்பதே. மகளின் விடையும் மாறுவதில்லை. "சாப்பிட்டேன் அம்மா, நன்றாய் இருக்கிறேன்."

முதலாண்டுக் கிறிஸ்துமஸ் அன்றும் அதே கேள்வி, அதே விடை. உண்மை வெளிவர ஓராண்டு ஆயிற்று. விடுமுறைக்கு மற்ற மாணவர் யாவரும் தத்தம் இல்லம் சென்றுவிட்டனர். விடுதியின் உணவுக்கூடம் மூடப்பட்டிருந்தது. வெளியே முழங்காலளவு பனி. நான்கு நாட்கள் எவரோடும் ஒரு சொல்லும் பேசாமல், ரொட்டியும் தேநீருமாய் அவள் அறைக்குள் இருந்திருக்கிறாள். சாப்பிட்டேன் என்று அவள் சொன்னது பொய்யன்று. யாருடன் சாப்பிட்டாய் என்று நாம் எவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இக்கேள்வியைப் பற்றியே இம்மாதம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம்.

கல்வி தேடி அயல்நாடு செல்லுதல் காஞ்சி மாநகருக்குப் புதிதன்று. நாளந்தாப் பல்கலைக்கழகத்தின் தலைமையாசானாக விளங்கிய தருமபாலர் காஞ்சியிற் பிறந்தவர் என்று சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதியுள்ளார். அத்தருமபாலரின் மாணாக்கராகிய சீலபத்திரரே, ஏழாம் நூற்றாண்டில் நாளந்தாவுக்குக் கற்க வந்த யுவான் சுவாங்கை அன்போடு ஏற்றுக்கொண்ட ஆசான். தங்க இடமும், நாள்தோறும் உயர்ந்த அரிசியும், பாக்கும் பிறவும் அச்சீன மாணவருக்கு அங்கே அளிக்கப்பட்டன. வந்தவரை வரவேற்பது கல்வியின் ஒரு பகுதி என்றே அக்காலத்தார் கருதினர் போலும்.

ஆயினும் இதே காஞ்சிக்கு வந்து கசப்போடு திரும்பிய மாணவர் ஒருவரும் உண்டு. கருநாடகத்தில் சிமோகா மாவட்டத்துத் தாளகுந்தாவில் உள்ள தூண் கல்வெட்டு அவர் வரலாற்றைக் கூறுகிறது. மயூரசர்மன் என்னும் இளைஞர் வீரசர்மருடன் காஞ்சிக் கடிகைக்குக் கற்க வந்தார். அங்கே பல்லவக் குதிரை வீரரோடு பூசல் ஒன்று நேர்ந்தது. அவமதிப்பைத் தாங்காத அவர் ஏட்டை விடுத்து வாளை ஏந்தினார். பல்லவரை எதிர்த்துக் கடம்ப அரசை நிறுவினார். இது நான்காம் நூற்றாண்டுச் செய்தி. கற்க வந்தவனை ஓர் ஊர் எவ்வாறு நடத்துகிறது என்பது சிறு செய்தியன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ!

அண்மைக் காலத்துச் சான்று ஒன்றும் நம் நினைவுக்கு வருகிறது. 1914-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்ற கணித மேதை இராமானுஜனை, அங்கே பயின்ற மகலனோபிஸ் ஒரு நாள் அவருடைய அறையிற் சென்று கண்டார். இரவில் குளிர் தாங்காமல் மேற்சட்டையை அணிந்து, சால்வையும் போர்த்தி இராமானுஜன் உறங்கி வந்தார். படுக்கையின்மேல் விரிக்கப்பட்டிருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நண்பர் அதைக் காட்டிக்கொடுத்தார். உலகமே வியந்த அறிஞருக்கும் இச்சிறு உதவி தேவையாயிற்று. கடிதத்தில் எவரும் இதை எழுதிக் கேட்பதில்லை. வீட்டிற்குள் வந்து பார்க்கும் நண்பர் கண்ணுக்கே இது புலப்படும்.

இதனை உணர்ந்தே அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாணவர் ஒன்றுகூடல்கள் தோன்றின. கேம்பிரிட்ஜில் இந்திய மாணவர் 1891-ஆம் ஆண்டிலேயே 'மஜ்லிஸ்' என்னும் சங்கம் அமைத்துக்கொண்டனர். இன்று கனடாவில் கல்வியாண்டின் தொடக்கத்தில் வரவேற்பு நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. அக்டோபர் மாதத்து இரண்டாம் திங்களன்று வரும் நன்றி நாளில் தனித்திருக்கும் மாணவரைத் தம் இல்லத்திற்கு அழைத்து விருந்திடும் குடும்பங்கள் உண்டு. சனவரியில் தமிழ் மாணவர் சங்கங்கள் பொங்கல் விழா எடுக்கின்றன. அம்மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாகக் கனடா நாடாளுமன்றம் 2016-இல் ஏற்றுக்கொண்டது. கனடா நாட்டு மாணவர் தாமும் பிற நாடுகளுக்குச் சென்று படிக்கையில், தம் நன்றி நாளை ஒன்றுகூடிக் கொண்டாடத் தவறுவதில்லை. பிரிவு எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதானே!

இவை வெறும் கேளிக்கை என்று எண்ணும் பெற்றோர் நம்மிடையே பலர். "படிக்கப் போன இடத்தில் விருந்தும் விழாவும் எதற்கு?" என்கின்றனர். செலவு மிகுந்த களியாட்டங்களும் அங்கே இல்லாமல் இல்லை; அவற்றினின்று விலகியிருப்பது நன்றே. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. கல்விக்கட்டணம் நீங்கலாக வாழ்க்கைச் செலவிற்கென மாணவர் காட்டவேண்டிய தொகையைக் கனடா அரசு 2024-இன் தொடக்கத்தில் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது. கடன் வாங்கிச் சென்ற பிள்ளை, மாலையெல்லாம் கடையில் நின்று உழைத்து, நள்ளிரவில் அறை திரும்புகிறான். விழாவுக்கு அழைப்பு வந்தாலும் நுழைவுக்கட்டணத்தை எண்ணி ஒதுங்குகிறான். இத்தகையோருக்கே ஒன்றுகூடல் மிகுதியும் தேவை. இத்தகையோரே அதற்கு வராமற் போகின்றனர். எனவே கட்டணமின்றி, பகட்டின்றி, ஒரு குழம்பும் சோறுமாக நடக்கும் எளிய கூடுகையே சிறந்தது எனக் கருதுகிறோம்.

நம் பிள்ளையார்பாளையத்துப் பெண்ணை மீட்டதும் அத்தகைய கூடுகைதான். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிந்திய பொங்கலன்று, யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்த மூத்த மாணவி ஒருத்தி அவள் அறைக்கதவைத் தட்டி, "வாரும், பொங்கல் இருக்கிறது" என்று அழைத்துச் சென்றாள். சூடான உணவுக்காகப் போனவள், பாத்திரம் கழுவும்வரை தங்கினாள். அடுத்த கிறிஸ்துமஸ் வந்தபோது விடுதியில் எஞ்சிய மாணவர் அறுவரை அவளே ஒன்று சேர்த்தாள். நான்கு நாட்டவர் அவர்கள். மிளகும் சுக்கும் இட்டுக் காஞ்சிபுரம் இட்லியை, மந்தாரை இலைக்கு எங்கே போவது, தேநீர்க் குவளைகளில் ஊற்றி அவித்தாளாம். அன்று தொலைபேசியில் பேசும்போதுதான், "போன ஆண்டு நான் தனியாய் இருந்தேன் அம்மா" என்று சொல்ல அவளால் முடிந்தது.

தாயார் அன்றிரவு உறங்கவில்லை. மறுநாட் காலை அவர் செய்த செயலுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். அவர் தெருக்கோடியில் மாடி அறையொன்றில் வடகிழக்கு மாநிலத்து மாணவியர் இருவர் குடியிருந்தனர். அருகிலுள்ள கல்லூரியொன்றிற் பயில்பவர்கள். நாள்தோறும் அவர் வாயிலைக் கடந்தே செல்வார்கள். ஒரு நாளும் அவர் அவர்களோடு பேசியதில்லை. அன்று மாடியேறிச் சென்று, தமக்குத் தெரிந்த தமிழும் கையசைவுமாக அவர்களை உணவுக்கு அழைத்தார். வந்தார்கள், கூச்சத்தோடு உண்டார்கள். விடைபெறும்போது ஒருத்தி சொன்னாள்: "ஈராண்டாக இவ்வூரில் இருக்கிறோம். ஒரு வீட்டிற்குள் நுழைந்தது இன்றுதான்."

இச்சொல் நம்மையும் சுட்டது. கனடாவில் நம் மகளுக்கு எவரும் கதவு திறக்கவில்லையே என்று வருந்துகிறோம். நம் தெருவில் பிறர் மகளுக்கு நாம் திறந்த கதவு எத்தனை? பிற மாநிலத்தாரும் பிற நாட்டாருமாக எத்தனையோ மாணவர் இன்று நம் மாவட்டங்களிற் பயில்கின்றனர். கோவில்களையும் பட்டுக்கடைகளையும் அவர்கள் கண்டிருப்பர். நம் அடுக்களையைக் கண்டவர் சிலரே. அந்நியரை ஏற்றுக்கொண்டதைத் தமக்கே செய்ததாகக் கொள்வேன் என்று ஆண்டவர் உரைத்ததை ஆண்டுதோறும் கேட்கின்ற நமக்கு இது எளிய செயலன்றோ?

ஆகவே பெற்றோரை ஒன்று வேண்டுகிறோம். அடுத்த ஞாயிறு பிள்ளை அழைக்கும்போது மதிப்பெண்ணையும் பணத்தையும் கேட்குமுன், யாருடன் சாப்பிட்டாய் என்று கேளுங்கள். "தனியாக" என்று விடை வந்தால் கடியாதீர்கள். அங்குள்ள மாணவர் கூடுகைக்குச் சென்றுவரச் சொல்லுங்கள். பங்குக் குடும்பங்களையும் ஒன்று வேண்டுகிறோம். மாதம் ஒரு முறையேனும் தொலைவிலிருந்து வந்த மாணவர் ஒருவரை உங்கள் பந்தியில் அமர்த்துங்கள். அவரைக் காட்சிப்பொருளாக்கிக் கேள்விகளால் துளைக்க வேண்டா. அவர் ஊர் உணவைச் சமைக்க விரும்பினால் அடுப்பை விட்டுக்கொடுங்கள்.

காஞ்சியின் கோர்வைச் சேலையை அறிந்தோர் இதையும் அறிவர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாய் நெய்து இணைக்கும் அவ்வேலையை ஒருவர் தனித்துச் செய்வது அரிது. தறியின் மறுபுறம் அமர்ந்து கரையின் நாடாவை வாங்கித் திருப்பித் தர இன்னொரு கை வேண்டும். கடல் கடந்த நம் பிள்ளைகளுக்கு அக்கையாக அங்கே எவரோ இருக்கின்றனர். இங்கு வந்த பிள்ளைகளுக்கு அக்கை நாமாக இருப்போம்.