"சிடி போச்சு" என்று சொல்வதற்கு முன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றியது.

போன வாரம் திண்டிவனத்திலிருந்து அக்கா போன் செய்தார். "தம்பி, பாப்பா கல்யாண சிடி ஓடலடா. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில குடுத்துப் பாத்தேன். சிடி போச்சு, தூக்கிப் போட்ருங்கன்னு சொல்லிட்டாங்க" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அக்கா அப்படி நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அது 2008-ல் நடந்த கல்யாணம். மாமா 2014-ல் காலமானார். போட்டோ நிறைய இருக்கிறது. ஆனால் அவர் குரல் இருப்பது அந்த ஒரு டிவிடியில் மட்டும்தான். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏதோ சொல்வார். சுற்றி இருக்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். எனக்கு அவ்வளவுதான் நினைவிருந்தது.

மறுநாள் காலை விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். பையில் இரண்டே பொருள்தான். ஒன்று, யுஎஸ்பியில் செருகும் என்னுடைய சிறிய டிவிடி டிரைவ். இன்னொன்று, நன்றாக ஓடும் ஒரு பழைய சினிமா டிவிடி. விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டும் வரை ஒரே யோசனை. ஒருவேளை கடைக்காரர் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்?

கணினியில் டிவிடி ஓடவில்லை என்றால் குற்றவாளி மூன்று பேரில் ஒருவர்தான்: டிஸ்க், அதைப் படிக்கும் டிரைவ், படம் காட்டும் மென்பொருள். மூவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். வகுப்பில் கணக்கு தப்பானால் எந்த வரியில் தப்பு என்று தேடச் சொல்வேனே, அதே முறைதான்.

முதலில் டிரைவ். பேரன் ஒரு பக்திப் பாட்டு சிடியைப் போட்டுக் காட்டி, "டிரைவ் நல்லாத்தான் இருக்கு தாத்தா" என்றான். அது போதாது. சிடியைப் படிக்கும் லேசர் வேறு, டிவிடியைப் படிக்கும் லேசர் வேறு. சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. ஒன்று பழுதாகி மற்றொன்று வேலை செய்வது உண்டு. அதனால் டிவிடியை டிவிடியால்தான் சோதிக்க வேண்டும். நான் கொண்டுபோன டிவிடியைப் போட்டோம். உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் உடனே திறந்தன. டிரைவ் தப்பித்தது.

அடுத்து கல்யாண டிவிடி. முதல் டிஸ்க்கைப் போட்டதும் 'வீடியோ டிஎஸ்', 'ஆடியோ டிஎஸ்' என்று இரண்டு ஃபோல்டர் வந்தன. இரண்டாவதைத் திறந்தால் காலி. "சவுண்டெல்லாம் அழிஞ்சுபோச்சு!" என்று பேரன் பதறினான். அழியவில்லை. பட டிவிடியில் அந்த ஃபோல்டர் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். படமும் ஒலியும் சேர்ந்தே முதல் ஃபோல்டரில் 'விஓபி' கோப்புகளாக இருக்கும். ஃபோல்டர் திறக்கிறது என்றால் டிஸ்க்கை டிரைவ் படிக்கிறது என்று பொருள். மிச்சம் இருப்பது மென்பொருள்.

இதைப் பலர் அறிவதில்லை. விண்டோஸ் 7-ன் பல பதிப்புகளில் டிவிடி பார்க்கும் வசதி கூடவே வந்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் அதை எடுத்துவிட்டார்கள். டிவிடி படத்தின் எம்பெக்-2 முறைக்கு ஒவ்வொரு கணினிக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டியிருந்தது ஒரு காரணம். ஆக, புதுக் கணினியில் டிரைவ் இருக்கும், டிஸ்க்கும் நன்றாக இருக்கும், படம் மட்டும் வராது. பழி டிஸ்க்கின் மேல் விழும்.

இதற்கு மருந்து இலவசம். விஎல்சி என்ற மென்பொருள், ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கூம்பு படம் போட்டது. பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கிய வேலை, 2001 முதல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. வீடியோலேன் தளத்திலிருந்தே இறக்குங்கள், வேறு எங்கிருந்தும் வேண்டாம். மீடியா மெனுவில் 'ஓப்பன் டிஸ்க்' கொடுத்தால் போதும். இரண்டு மூன்று சிடியாக வந்த பழைய விசிடி படங்களும் இதில் ஓடும்.

முதல் டிஸ்க் ஓடியது. வரவேற்பு, மெல்லிசை, எல்லோரும் பதினைந்து வயது இளமையாக. ஆனால் மாமா பேசுவது இரண்டாவது டிஸ்க்கில். அது பாதியில் நின்றது.

திருப்பிப் பார்த்தேன். விரல் ரேகை, கொஞ்சம் குங்குமம். மெல்லிய பருத்தித் துணியால் நடு ஓட்டையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பதிவு சுருள் வட்டமாக ஓடுகிறது, வட்டக் கீறல் விழுந்தால் தொடர்ந்து ஒரு பகுதியே போய்விடும். நேர்க்கீறல் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் துளிதான் போகும், அதை டிரைவே சரிசெய்துகொள்ளும். பல் பேஸ்ட் தேய்க்கிற வைத்தியம் வேண்டாம். விரிசல் விட்ட டிஸ்க்கைப் போடவே போடாதீர்கள், வேகமாகச் சுற்றும்போது உள்ளேயே உடைந்து சிதறும்.

அப்படியும் அதே இடத்தில் நின்றது. என் டிரைவை மாட்டினேன். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிப்பது உண்டு. கோப்புகளை ஒவ்வொன்றாகக் கணினிக்கு நகல் எடுத்தேன். ஒன்று மட்டும் முழுதாக வரவில்லை. சீர்வரிசைத் தட்டு வைக்கும் நான்கு நிமிடம் போனது போனதுதான். அடுத்த கோப்பில் மாமா உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, எம் பொண்ணு காபி குடிக்காம எழுந்திருக்க மாட்டா. அதை மட்டும் பாத்துக்குங்க, மீதியெல்லாம் அவ பாத்துக்குவா."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்று முறை போடச் சொன்னார்.

அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சோதித்துப் பார்க்காமல் "போச்சு" என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தின் மேல் கோபம் உண்டு. அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பையன் கரும்பலகையைப் பார்த்து எழுதவே மாட்டான். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று அவன் அம்மாவிடமே சொன்னேன். பிறகு பள்ளிக்கு வந்த கண் பரிசோதனையில்தான் தெரிந்தது, அவனுக்குப் பலகையே தெரியவில்லை. கண்ணாடி போட்டான், எழுதினான். அந்த அம்மாவிடம் சொன்ன வார்த்தையை என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. அங்கே வாங்கிய சினிமா டிவிடி இங்கே ஓடாமல் போவதற்கு மண்டல எண் காரணமாக இருக்கலாம். அமெரிக்கா 1, ஐரோப்பா 2, சிங்கப்பூர் 3, இந்தியா 5. கணினி டிரைவில் இந்த எண்ணை ஐந்து முறைதான் மாற்றலாம், பிறகு பூட்டிக்கொள்ளும். "மாற்றவா?" என்று கேட்டால் யோசிக்காமல் அமுக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கியவனையே இப்படிப் பூட்டுவது நியாயமில்லை என்பது என் கருத்து. ஜான் யோஹான்சன் என்ற நார்வே இளைஞர் 1999-ல் சிலருடன் சேர்ந்து டிவிடி பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்டார். வழக்கு நடந்தது. சொந்தமாக வாங்கிய டிவிடியைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு என்று சொல்லி 2003-ல் விடுதலை செய்தார்கள்.

கல்யாண டிவிடியில் பெரும்பாலும் அந்தப் பூட்டு இருக்காது. அதற்கு எதிரி வேறு. கடையில் விற்ற சினிமா டிவிடி அச்சில் வார்த்தது, அடிப்பக்கம் வெள்ளியாக இருக்கும். கல்யாண டிவிடி சாயப் பூச்சில் லேசரால் எழுதியது, அடிப்பக்கம் ஊதா ஓடும். வெயிலும் சூடும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். நம்ம ஊர் சித்திரை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழின் முதல் பேசும் படம் 1931-ல் வந்த 'காளிதாஸ்'. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. ஊரே பார்த்த படத்துக்கே அந்தக் கதி என்றால் உங்கள் தாத்தாவின் ஒரே டிவிடி எம்மாத்திரம்?

அதனால் உங்கள் வாத்தியார் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவின் பீரோவைத் திறந்து டிஸ்க்குகளை எடுங்கள். ஒரு டிவிடி 4.7 ஜிபிதான், சின்ன பென்டிரைவிலேயே அடங்கும். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். டிரைவ் இல்லாதவர்கள் விழுப்புரம் வந்தால் என்னுடையதைத் தருகிறேன். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

எடுத்து முடித்தவர்கள் கீழே கருத்துப் பகுதியில் "முடித்தேன் சார்" என்று எழுதுங்கள். டிக் போடக் காத்திருக்கிறேன்.