செண்பகத்தோப்புக் காற்றும் கடை லேப்டாப்பும்

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிறோம். மூட்டைகளில் ஈரம் ஏறாமல் அடியில் கட்டை போட்டு அடுக்குகிறோம். ஆனால் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் பேரேடு, சிட்டை, பாக்கிப் பட்டியல் எல்லாம் குடியேறிவிட்ட லேப்டாப்பை மட்டும் நாம் கவனிப்பதில்லை. ஒரு நாள் பொத்தானை அழுத்தியதும் கம்பெனிப் பெயரைக் காட்டிவிட்டு அது அணைந்து போகும்போதுதான் நமக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. அதுவும் கணக்குத் தாக்கல் செய்யும் 20-ஆம் தேதியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் இத்தொல்லைக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆடியில் செண்பகத்தோப்பு மலைப்பக்கமிருந்து இறங்கும் காற்று தெருப்புழுதியைக் கடைக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. மளிகைக் கடையில் மிளகாய்த் தூளும் சாக்குத் தும்பும், ராஜபாளையத்தில் பஞ்சு, பால்கோவா போடும் இடத்தில் அடுப்புப் புகை. இத்தனையையும் நாள் முழுவதும் உள்ளிழுப்பது லேப்டாப்பின் சிறு விசிறிதான்.

உள்ளே நடப்பது இதுதான். பிராசஸர் வேலை செய்யும்போது சூடாகிறது. அந்தச் சூட்டை ஒரு செம்புக் குழாய் சீப்புப் பல் போன்ற மெல்லிய தகடுகளுக்குக் கொண்டுசெல்ல, விசிறி அதை வெளியே தள்ளுகிறது. தகடுகளில் தூசி கம்பளம் போல் படிந்துவிட்டால் இரைச்சல் வருமே தவிர, சூடு வெளியேறாது. வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் எந்திரம் வேகம் குறைந்து, பிறகு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். அப்போது திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்துவது கூடாது. பாதியில் அணைந்து அணைந்து கணக்குக் கோப்பே கெட்டுப்போகும்.

செய்ய வேண்டியது இது. சார்ஜரையும் பிரிண்டர் முதலான இணைப்புகளையும் கழற்றிவிட்டு, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து விட்டுவிட்டு, சார்ஜரை மட்டும் செருகி இயக்குங்கள். ஆறியபின் ஓடி, சிறிது நேரத்தில் மீண்டும் நின்றால் சூடுதான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். விசிறி சுற்றியும் திரை இருட்டாக இருந்தால் ராம் அட்டையின் தொடர்பைப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கே எரியாவிட்டால் சார்ஜரையும் பேட்டரியையும் சோதிக்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் இயக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

எந்திரம் ஓடத் தொடங்கியதும் முதல் வேலை பில் போடுவது அல்ல. கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுப்பது. அதன் பிறகே தூசி துடைக்கவும், காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றவும் கொடுக்க வேண்டும்.

பழுது பார்ப்பவர் எடுத்த எடுப்பில் "பார்மட் போட்டுவிடலாம்" என்றால் நாம் தலையாட்டக் கூடாது. நகல் இல்லாமல் பார்மட் போட்டால் வாடிக்கையாளர் பாக்கி அத்தனையும் போய்விடும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காப்பாற்றி வைக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. லேப்டாப் கெட்டுவிட்டது என்று அதிகாரியிடம் சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே நம் சங்கங்களுக்கு ஒரு யோசனை. ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஆண்டுக்கொரு முறை, விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து உறுப்பினர்களின் லேப்டாப்புகளைச் சங்கக் கட்டிடத்திலேயே சுத்தம் செய்ய ஏற்பாடு செய்யலாம். பல கடைகள் சேர்ந்தால் செலவும் குறையும். கணக்கும் நம் கண்ணெதிரிலேயே இருக்கும். வாரந்தோறும் நகல் எடுத்து, அதைக் கடையில் வைக்காமல் வீட்டில் வைப்பதைப் பழக்கமாக்க வேண்டும். லேப்டாப்பை மூட்டையின் மேலோ, மெத்தைத் துணியிலோ வைக்காமல் பலகையில் வைப்பதற்குக் காசு செலவில்லை.

ஆயுத பூஜையன்று தராசோடு லேப்டாப்புக்கும் சந்தனம், குங்குமம் இடுகிறோம். இனி அதற்கு முன்பே தூசியையும் துடைத்துவிட வேண்டும். குங்குமம் காற்றுத் துளைக்குள் விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலைக் காப்பது போலக் கணக்கைக் காப்பதும் வணிகனின் கடமையே.