அளவுக்கு ஒப்பனை வேண்டாம்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் பெரியோர். சமையலுக்கு அது போதும், ஆய்வுக்கூடத்துக்குப் போதாது. ஒரே பொருளைப் பல ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி, ஒவ்வொன்றும் பலமுறை அளந்து தரும் எண்களை ஒப்பிட்டால்தான், அந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும். இதுவே ஆய்வுக்கூடங்களுக்கு இடையிலான தரக்கட்டுப்பாட்டு ஆய்வு.

அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். நிறுவனம் வெளியிட்ட ஈ 691 என்னும் தரநூலில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. இரத்தச் சீரத்திலுள்ள குளுகோஸை 8 ஆய்வுக்கூடங்கள், 5 மாதிரிகளில், மும்மூன்று முறை அளந்தன. ஆக 120 எண்கள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் இருவரும் உருவாக்கிய 'ஆர்' என்னும் இலவச மென்பொருள் இவற்றை நொடியில் கணக்கிடும். ஆனால், நாம் தரும் பட்டியல் செம்மையாக இருக்க வேண்டாமா? ஓர் அளவீட்டுக்கு ஒரு வரிசை. அதில் அளவு, எத்தனையாவது முறை, எந்த மாதிரி, எந்த ஆய்வுக்கூடம் என நான்கு கட்டங்கள். ஆய்வுக்கூடத்தின் எண் வெறும் பெயரே என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் 8ஆம் கூடம் 4ஆம் கூடத்தைப்போல் இருமடங்கு என்று அது எண்ணிக்கொள்ளும்! அளக்காத இடத்தில் பூஜ்யம் இடலாகாது. 'அளவு இல்லை' என்றே குறிக்க வேண்டும். அலகும் ஒன்றாக இருக்க வேண்டும். லிட்டருக்கு 5.5 மில்லிமோல் என்பதும், டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 99 மில்லிகிராம் என்பதும் ஒரே குளுகோஸ் அளவுதான்.

இவை அனைத்திலும் பெரிது நேர்மை. ஒரு கூடத்தின் எண்கள் தமக்குள் எவ்வளவு சிதறுகின்றன என்பதை எல்லாக் கூடங்களின் பொதுச் சிதறலோடு ஒப்பிட்டுக் காட்டும் அளவை 'கே' எனப்படும். ஒருவர் தம் மூன்று எண்களையும் அழகுக்காக ஒன்றாக்கி எழுதினால் பொதுச் சிதறல் குறையும்; உடனே, உள்ளதை உள்ளபடி எழுதிய அடுத்தவரின் 'கே' உயரும். பொய் எழுதியவர் தப்ப, மெய் எழுதியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார்! விலகி நிற்கும் எண்ணையும் முன்கூட்டியே அடித்துவிடக் கூடாது. காக்ரன், கிரப்ஸ் சோதனைகள் அதைச் சுட்டிக்காட்டும். காரணத்தை ஆராய்ந்த பின்னரே முடிவு செய்யலாம்.

குளுகோஸ் அளவு வெறும் எண்ணன்று. எழுத்தறியாத என் தந்தை சர்க்கரை நோயாளி. பரிசோதனைச் சீட்டைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்; அந்த எண்ணை நம்பியே மாத்திரை உண்பார். அது எப்படி வந்தது என்று கேட்கும் கல்வி அவருக்குக் கிட்டவில்லை. கிட்டிய நாம் வாளாவிருக்கலாமா?

செய்முறைத் தேர்வில் மூன்று டைட்டர் அளவுகளும் ஒன்றாக இருந்தால்தான் மதிப்பெண் என்ற எண்ணம் மாணவரிடையே வேரூன்றியிருக்கிறது. இதை மாற்ற ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாணவர் குழுவையும் ஓர் ஆய்வுக்கூடமாகக் கொண்டு, அதே இரண்டு கரைசல்களை எல்லோருக்கும் கொடுங்கள். கிடைக்கும் எண்களை நான்கு கட்டப் பட்டியலாக்கி மென்பொருளில் இடச் செய்யுங்கள். பளபளக்கும் எண்ணுக்கன்று, மெய்யான எண்ணுக்கு மதிப்பெண் தாருங்கள்.

நண்பர்களே, அளந்ததையே எழுதுவோம்!