நடுகல்லை நட்ட இடத்திலேயே விடுங்கள்!

வேலூர், ஆம்பூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது தோல், ஷூ, பிரியாணி. மூன்றுக்கும் மூலதனம் கால்நடைதான். அதே கால்நடைக்காக இதே ஆம்பூரில் ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பு ஆட்கள் உயிரை விட்டிருக்கிறார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

9ஆம் நூற்றாண்டு, பல்லவன் நிருபதுங்கன் காலம். மாட்டு மந்தையைக் கவர நுளம்பன் படை வந்தது. எதிர்த்து நின்று விழுந்தவர்களுக்குக் கல் நட்டு, நடந்ததை அதிலேயே வெட்டி வைத்தார்கள். ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் அதைப் படித்து, 1890களில் 'எபிகிராபியா இண்டிகா'வில் வெளியிட்டார்.

பழைய வட ஆற்காட்டின் செங்கம் பக்கம் போனால் இன்னும் பழைய கற்கள் உண்டு. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் கல்லில் வீரனோடு ஒரு நாயும் இருக்கிறது. பெயர் கோவிவன். கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். நாய்க்குக்கூடப் பெயர் போட்டுக் கல்வெட்டு!

சரி, விஷயத்துக்கு வருவோம். எங்காவது ஒரு நடுகல் கண்டெடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தால் போதும், "வயல்வெளியில் கிடந்து வீணாகிறது, தூக்கி மியூசியத்தில் வையுங்கள்" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஊரில், இந்தச் சண்டையில், இன்னான் பட்டான் என்பதுதானே அந்தக் கல் சொல்லும் செய்தி? இடத்தைவிட்டுப் பெயர்த்தால் பாதிச் செய்தி அங்கேயே போயிற்று. மந்தை எந்த வழியாகப் போனது, எல்லை எங்கே இருந்தது என்று ஆராய்பவருக்கும் கல் நின்ற இடம்தான் துப்பு.

"கிராமத்து ஜனங்கள் எண்ணெயும் மஞ்சளும் பூசி எழுத்தை அழிக்கிறார்களே?" என்பது அடுத்த வாதம். உண்மைதான், சில கற்களில் எழுத்து மங்கியிருக்கிறது. ஆனால் தமிழகத் தொல்லியல் துறை தொடங்கியதே 1961இல். அதுவரை ஆயிரம் வருடம் காவல் இருந்தது யார்? வேடியப்பன் என்று கும்பிட்டுப் பொங்கல் வைத்த அதே ஜனங்கள்தான். சாமி கும்பிடும் கல்லை ஜேசிபி தொட்டால் ஊரே திரண்டு வரும். எழுத்தைப் படியெடுத்து, படம் பிடித்து வைத்துவிட்டு, எழுத்துள்ள பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொன்னால் கேட்காதவர்களா அவர்கள்?

உண்மையான ஆபத்து கும்பிட ஆளில்லாத கற்களுக்குத்தான். 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்படாத கல் சாலை அகலப்படுத்தும்போது மண்ணோடு போனால் யார் கேட்பது? கணக்கில் ஏறாத சொத்து தொலைந்தால் நஷ்டமும் கணக்கில் வராது. முதல் வருடம் பி.காம். படிக்கிறவனுக்கே தெரியும் இது.

பிரான்ஸ் கிராமங்களில் சாலைச் சந்திப்புக்குச் சந்திப்பு பழைய கல் சிலுவைகள் நிற்கின்றன. 1789 புரட்சிக்குப் பின் பலவற்றை உடைத்தார்கள், பிறகு ஊர்க்காரர்களே திரும்ப நட்டார்கள். இன்று அவற்றில் பல அரசின் நினைவுச்சின்னப் பட்டியலில் இருக்கின்றன, நின்ற இடத்திலேயே!

இங்கே மட்டும் ஏன் முடியாது? ஊர்வாரியாகப் பட்டியல், சர்வே எண், ஒரு புகைப்படம், கிராம நிர்வாக அலுவலர் கையில் ஒரு பிரதி. அதைப் பார்க்காமல் சாலை வேலைக்கு அனுமதி கிடையாது என்று ஒரு விதி. கல்லுக்குப் பக்கத்தில் கதையைச் சொல்லும் ஒரு பலகை. தோல் ஏற்றுமதியில் கோடிகள் புரளும் ஊர்களுக்கு இது ஒரு செலவா?

மாட்டைக் காக்கச் செத்தவனுக்கு, மாட்டுத் தோலில் சம்பாதிக்கும் ஊர்கள் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?