வெற்றிடம் பூஜ்யமன்று

போர்ட் பிளேர் என வழங்கி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரில் டெய்ரி ஃபார்ம் என்றொரு பகுதி உளது. அங்குள்ள ஆசிரியர் ஒருவர் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்துப் பதிவேட்டில் குறித்து வருகின்றார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் மழையில்லை. ‘0’ என்று எழுதுகின்றார். மறுநாள் அவர் காய்ச்சலுற்றமையால் எவரும் மழைமானியைப் பார்க்கவில்லை. கட்டம் வெறுமையாக நிற்கின்றது. மாத முடிவில் கணக்கு முடிப்பவர் அங்கும் ஒரு ‘0’ இட்டுவிடுகின்றார். பதிவேடு நிறைந்தது, உண்மை குறைந்தது. அடுத்த நாள் அளவில் இரு நாள் மழையும் சேர்ந்திருக்குமாதலால், பிழை ஒரு நாளோடும் நிற்பதில்லை.

இச்சிறு பிழையே இன்று பெரிய யந்திரங்களிலும் நேர்கின்றது. முன்னர் ஒரு பணிக்கு ஒரு கணினி என்றிருந்தது. இப்பொழுது ஒரு பெரிய கணினியின் ஆற்றலை மென்பொருளால் பகுத்து, தனிக் கணினிகளைப் போலவே இயங்கும் மெய்நிகர் கணினிகள் பலவற்றை அதனுள் அமைக்கின்றனர். கண்ணுக்குப் புலனாகாத இவற்றின் நலத்தை அறியக் கண்காணிப்பு மென்பொருள் ஒன்றே வழி. சான்றாக, விஎம்வேர் நிறுவனத்தின் அமைப்பு 20 விநாடிக்கு ஒரு முறை அளவெடுக்கின்றது. பின்னர் அவற்றைச் சுருக்கி, இயல்பான அமைப்பின்படி 5 நிமிடத்திற்கு ஓர் அளவாக ஒரு நாளும், 30 நிமிடத்திற்கு ஓர் அளவாக ஒரு வாரமும், 2 மணிக்கு ஓர் அளவாக ஒரு மாதமும், நாளுக்கு ஓர் அளவாக ஓராண்டும் வைத்திருக்கின்றது. வரைபடத்தில் கோடு அறுந்து காணப்படின், பணியாளர் மனம் இரண்டு தவறான வழிகளில் செல்லும். ஒன்று, வேலையே நடைபெறவில்லை என்று கருதுவது. மற்றொன்று, இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்து அமைதி கொள்வது.

முறையான வழி, அளவு பிறக்கும் இடத்திலிருந்து அது காட்சிக்கு வரும் இடம்வரை ஒவ்வொரு படியாகச் சோதிப்பதேயாம். முதலில், அளக்கப்படும் கணினி இயங்குகின்றதா, அந்த அளவைத் திரட்டுமாறு ஆணையிடப்பட்டிருக்கின்றதா என்று காண வேண்டும். கேளாத அளவு ஒருபோதும் வாராது. அடுத்து இரு புறத்துக் கடிகாரங்களையும் ஒப்பிட வேண்டும். நேரம் வேறுபடின், வந்த அளவும் உரிய இடத்தில் அமையாமல், வாராதது போலத் தோன்றும். பின்னர் இடைவழித் தொடர்பு, திரட்டும் நிரல், சேமிப்பிடத்தின் கொள்ளளவு, சுருக்கும் பணி ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். கணினி ஒன்று நீக்கப்பட்டு மீண்டும் பதிவு செய்யப்பட்டிருப்பின், அதற்குப் புதிய அடையாளம் வழங்கப்பட்டுப் பழைய வரலாறு பிரிந்து நிற்கவும் கூடும். இவற்றையெல்லாம் பாராது மென்பொருளை நிறுத்தி மீண்டும் இயக்குவோர் பலர். கோடு மீண்டும் ஓடத் தொடங்கும்; காரணமோ அறியப்படாமலே மறையும்.

தீவுகளில் வாழ்வோர்க்கு இவ்விஷயம் மிகவும் முக்கியமானது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்குக் கடலடியில் இடப்பட்ட கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்னர்ச் செயற்கைக்கோள்களையே பெரிதும் நம்பியிருந்தனர். வழி நீண்டதாயின் அறுபடும் இடங்களும் பலவாகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபொழுது கார் நிக்கோபாருடன் தொடர்பு அறுந்தது. அந்த மௌனத்திற்குப் பொருள் அமைதியன்று, பேரழிவு. இன்று கடல்மட்ட அளவுகளைப் பெற்று எச்சரிக்கை விடுக்கும் மையம் 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்குகின்றது. ஒரு நிலையத்திலிருந்து அளவு வராதபொழுது, கருவி பழுதா, தொடர்பு அறுந்ததா, அன்றிக் கருவியையே கடல் கொண்டதா என்ற வினாவை எத்தகைய மென்பொருளும் தானே தீர்த்துவிட இயலாது. அதற்கு அவ்விடமறிந்த மனிதர் வேண்டும்.

ஒழுங்காகப் பேணப்பட்ட பதிவின் பயனுக்கும் இத்தீவுகளே சான்று. 1881 டிசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபாருக்கு அருகே பெருநிலநடுக்கம் நேர்ந்தது. அதனால் எழுந்த அலைகள் ஒரு மீட்டருக்கும் குறைவானவையே. ஆயினும் போர்ட் பிளேர் உள்ளிட்ட வங்கக் கடற்பகுதியின் ஓதமானிகள் அவற்றைத் தாளில் வரைந்து வைத்தன. அந்தக் கோடுகளைக் கொண்டே 2003ஆம் ஆண்டில் ஆர்ட்டிஸ், பில்ஹாம் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் அந்நிலநடுக்கத்தின் அளவையும் இடத்தையும் மதிப்பிட்டனர். அன்று யாரேனும் வழக்கத்திற்கு மாறான அந்நெளிவுகளைக் கருவியின் கோளாறு என்று எண்ணிச் சீர்செய்திருப்பின், 120 ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்க்கு ஒன்றும் கிடைத்திராது.

ஆகவே, செய்யத்தக்கவை மூன்று. பதிவேடாயினும் மென்பொருளாயினும், விடுபட்ட அளவிற்கெனத் தனிக்குறி ஒன்றும், காரணம் எழுத ஓர் இடமும் இருத்தல் வேண்டும். மதிப்பிட்டு நிரப்பிய எண்ணை அளந்த எண்ணினின்று வேறுபடுத்திக் காட்ட வேண்டும். அளவு மிகும்பொழுது ஒலிக்கும் எச்சரிக்கை மணி, அளவு வாராதபொழுதும் ஒலித்தல் வேண்டும்.

இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை; பழக்கமே தேவை. அப்பழக்கம் பள்ளியில் தொடங்குவது நலம். அட்டவணையை முழுதும் நிரப்பிய மாணவனுக்கே மதிப்பெண் வழங்கினால், அவன் வெற்றிடத்தைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொள்வான். ‘செவ்வாயன்று பார்க்கவில்லை’ என்று எழுதிய மாணவனையும் ஆசிரியர் பாராட்டுவாராக. அதிகாரிகளும் தம் களப்பணியாளரிடம் அங்ஙனமே நடப்பாராக. வெற்றிடத்திற்காகத் தண்டனை கிட்டும் இடத்தில் வெற்றிடங்கள் தோன்றா. பொய் எண்களே தோன்றும்.