எர்த் பிட் தெரியாத இன்ஜினியர்கள்

செமஸ்டரில் எர்த்திங் பற்றி பதினாறு மார்க் கேள்வி வந்தால் போதும், நம் மாணவர்கள் படம் போட்டு, பாகம் குறித்து, அடிக்கோடும் இழுத்துவிட்டு வருவார்கள். ஆனால் டிபார்ட்மென்ட் சுவரோரம் சிமென்ட் மூடி போட்ட சின்னக் குழி ஒன்று இருக்கிறதே, அது என்ன என்று கேட்டுப் பாருங்கள். "ட்ரெய்னேஜா இருக்கும் மச்சி..." என்று பதில் வரும்.

அதுதானய்யா எர்த் பிட்! கரியும் உப்பும் நிரப்பி, இரும்புக் குழாயோ செம்புத் தகடோ புதைத்து, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் குழி. மண் காய்ந்தால் தடை ஏறும். அதற்காகத்தான் கோடையில் யாரோ ஒருவர் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார். அளந்த தடை எத்தனை ஓம், கடைசியாகச் சோதித்தது எப்போது என்று பக்கத்திலேயே எழுதி வைப்பதும் வழக்கம். படிக்கத்தான் ஆள் இல்லை.

இது ஒன்றுதானா? தீயணைப்பான் கழுத்தில் ஒரு அட்டை தொங்கும். அடுத்து எப்போது நிரப்ப வேண்டும் என்று அதில் தேதி இருக்கும். சிவப்புத் தபால் பெட்டியில் கடிதம் எடுக்கும் நேரம் இருக்கும். துருப்பிடித்த டெலிபோன் பெட்டியைப் பார்த்தால் பலருக்குச் சிரிப்பு. ஆனால் செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சே 48 வோல்ட் கொடுக்கும். ஹாஸ்டலில் கரண்ட் போனாலும், எக்ஸ்சேஞ்ச் பேட்டரி இருக்கும்வரை சாதா போன் பேசும். கரண்ட் போனதும் படுத்துவிடும் வை-ஃபை ரௌட்டருக்கு அந்த யோகம் கிடையாது.

"அதெல்லாம் மெயின்டெனன்ஸ் ஆளுங்க வேலை" என்று சொல்வது வசதியான பதில். நூறு கட்டடத்துக்கு நாலு எலெக்ட்ரீஷியன் இருந்தால், அவர்கள் எத்தனை மூடியைத்தான் திறந்து பார்ப்பார்கள்? தினமும் அந்த வழியாக நடக்கும் ஆயிரம் பேருக்கும் கண் இருக்கிறது. வயர் வெளியே தொங்கும் மின்பெட்டி மாதக்கணக்கில் அப்படியே கிடப்பதற்கு, அதைத் தாண்டிப் போகும் எல்லோருக்கும் அது பழகிப்போனதும் ஒரு காரணம்.

பழகிப்போனால் என்ன ஆகும்? 2017 நவம்பர் 1 அன்று சென்னை கொடுங்கையூரில் மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். அது கேம்பஸ் இல்லைதான். ஆனால் மழைநீருக்கு காம்பவுண்டு சுவர் எது?

இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி 1794-ல் தொடங்கியது நில அளவைப் பள்ளியாக. அதாவது, அங்கே முதலில் சொல்லிக்கொடுத்ததே தரையைப் பார்த்து அளக்கத்தான். இருநூறு வருஷம் கழித்து எல்லா கல்லூரியிலும் பாடம் எக்கச்சக்கமாக வளர்ந்துவிட்டது. தரையைப் பார்க்கிற பழக்கம் மட்டும் போய்விட்டது.

கேன்டீன் போகிற வழியில் ஒரு எர்த் பிட்டை, ஒரு தீயணைப்பானை நின்று படிக்கலாம். தேதி தாண்டியிருந்தால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி எஸ்டேட் ஆபீசில் கொடுக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. அரியர் ஒன்றும் விழாது.